சாவி வாங்கியவள்

அந்த நகராட்சியில் யாரும் எதற்கும் சாவியைக் கையால் வாங்க மாட்டார்கள். கட்டி முடித்தது கழிப்பிடமோ, தண்ணீர்த் தொட்டியோ, பூங்காவோ, எதுவானாலும் கட்டியவர்கள் கொண்டுவந்து வைத்த சாவி மேசைமேல் வைத்த இடத்திலேயே கிடக்கும். பக்கத்தில் உட்கார்ந்து டீ குடிப்பார்கள், ஃபைல் விரிக்க இடம் வேண்டுமானால் அளவுகோலால் அதைத் தள்ளி வைப்பார்கள், விரலால் மட்டும் தொட மாட்டார்கள். சாவி யார் கையில் ஏறியதோ, அந்தக் கட்டடத்தின் ஒழுகல், விரிசல், துரு, எலி எல்லாம் அன்றிலிருந்து அவர் தலையில். எழுதி வைத்த விதி இல்லை இது. எழுதி வைத்த விதிகளை எல்லாம் மறந்தவர்கள்கூட இதை மட்டும் மறந்ததில்லை. கட்டுவதற்கு ஆளாளுக்கு முண்டியடிப்பார்கள், கட்டியதைப் பார்த்துக்கொள்ளக் கூப்பிட்டால் ஒரு ஈ காக்கை வராது.

இந்தச் சமாசாரம் தெரியாமல் சாவியைக் கையில் வாங்கிய ஒரே ஆள் மோட்டாரக்கா. பெற்றோர் வைத்த பெயர் வேறு, அது சம்பளப் பட்டியலில் இருந்தது. ஊருக்கு அவள் மோட்டாரக்காதான்.

அம்மா சீக்கிரம் போய்விட்டாள். அப்பா ஆலையில் ஷிஃப்ட் பார்த்துவிட்டு வந்து, சோறு இருந்தால் தின்று, இல்லாவிட்டால் தூங்கிவிடுகிற மனிதர். கைக்குழந்தையாக இருந்த தம்பியைத் தூக்கி இடுப்பில் வைத்தவள் அவள்தான், பள்ளிக்கூடத்துக்கு அனுப்பும்வரை இறக்கவில்லை. பிறகு தொழிற்பயிற்சிப் பள்ளியில் மோட்டார் பழுது பார்க்கப் படித்தாள். வகுப்பில் பெண் அவள் ஒருத்தி. பையன்கள் முதல் மாதம் கிண்டல் செய்தார்கள், இரண்டாம் மாதம் அவளிடம் ஸ்பானர் கடன் கேட்டார்கள். நகராட்சியில் பம்ப் ஆபரேட்டர் வேலை கிடைத்தபோது, தேர்வு செய்தவர்கள் கேட்ட ஒரே கேள்வி, மழையில் நனைவாயா என்பது. நனைவேன் என்றாள். அந்தப் பதிலில் எத்தனை மழைக்காலம் அடங்கியிருந்தது என்று அவளுக்கு அப்போது தெரியாது.

வேலையில் சேர்ந்த புதிதிலேயே ரயில் பாதைக்குக் கீழே சுரங்கப்பாதை திறந்தார்கள். ரிப்பன் வெட்டினார்கள், படம் எடுத்தார்கள், மைக்கில் ஒருவர் மாற்றி ஒருவர் பேசினார்கள். கட்டிய இன்ஜினியரின் பெயர் நுழைவாயிலில் கருங்கல்லில் செதுக்கப்பட்டிருந்தது. கார்கள் எல்லாம் கிளம்பிப் போன பிறகு அவர் சட்டைப் பையிலிருந்து மோட்டார் அறையின் சாவியை எடுத்தார்.

“இந்தாம்மா, பிடி” என்று தூக்கிப் போட்டார்.

தம்பியோடு வாசலில் பந்து விளையாடிய கை. யோசிப்பதற்கு முன்னால் ஒற்றைக் கையால் பிடித்துவிட்டாள். சுற்றி நின்ற ஊழியர்களுக்கு மூச்சு நின்றது. அவளுக்கு மேஸ்திரியாக இருந்தவர் நெற்றியில் அடித்துக்கொண்டார். “போச்சு” என்றார்.

இன்ஜினியர் சிரித்தார். “அப்பாடா. இன்னையோட இது என்னை விட்டுச்சு” என்று காரில் ஏறினார். இருபது வருட வேலையில் ஒரு சாவியைக்கூட வாங்காதவர் அவர், அன்றைக்கு ஒரு சாவியைத் தள்ளியும் விட்டார். ஆண்டு இறுதியில் பதவி உயர்வும் வந்தது.

சுரங்கப்பாதை என்று பெயர் பெரிதாக இருக்கிறதே தவிர, அது ஒரு பள்ளம். ஊரிலேயே தாழ்ந்த இடம். நாலு தெருத் தண்ணீரும் அங்கேதான் வந்து சேரும். நடுவில் இரும்புச் சட்டம் போட்ட வடிகால், அதற்குக் கீழே ஒரு தொட்டி, தொட்டியிலிருந்து தண்ணீரை மேலே இழுத்து விட ஒரே ஒரு மோட்டார். மோட்டார் இழுக்கும் வாயில் பிளாஸ்டிக் பை அடைத்தால் நின்றுவிடும். மின்சாரம் போனாலும் நின்றுவிடும். ஊரில் மழை பெய்தால் முதலில் போவது மின்சாரம். பாதைக்கு வாய் இரண்டு, பார்க்கிற ஆள் ஒருத்தி.

இன்னொரு மோட்டார் வேண்டும், ஒரு ஜெனரேட்டர் வேண்டும், இரண்டு வாயிலும் சங்கிலி போட்டு ஆள் நிறுத்த வேண்டும் என்று அவள் கேட்டுக்கொண்டே இருந்தாள். பராமரிப்புப் பிரிவில், கட்டின பிரிவைக் கேளு என்றார்கள். கட்டின பிரிவில், கொடுத்து முடிச்சாச்சே என்றார்கள். இன்ஜினியர் இதற்குள் மாடியில் தனி அறைக்குப் போயிருந்தார். அங்கேயும் ஏறிப் போய்க் கேட்டாள்.

“கட்டறதுதாம்மா என் வேலை. புள்ளையப் பெத்துக் கொடுத்தவகிட்டயே வந்து பாலும் கேப்பியா?” என்றார்.

“வேற யார்கிட்ட சார் கேக்கறது?” என்றாள்.

அறையில் இருந்தவர்கள் சிரித்துவிட்டார்கள். அவர் சிரிக்கவில்லை. அதற்குப் பிறகு அவளை அந்த அறைக்குள் விடவும் இல்லை.

ஒரு மதியம் வானம் பிய்த்துக்கொண்டு ஊற்றியது. மின்சாரம் போனது. தொட்டி நிரம்பி, வடிகால் எதிர்த்துக் கக்கி, பாதையில் இடுப்பளவு தண்ணீர் ஏறியது. மோட்டாரக்கா இந்த வாயில் தடுப்பை இழுத்துப் போட்டு, வருகிற வண்டிகளை எல்லாம் திருப்பிக்கொண்டிருந்தாள். அந்த வாயில் யாரும் இல்லை. ஓடிப் போய் அதையும் அடைக்கலாம் என்றால் இந்த வாயில் ஒரு பள்ளிக்கூட வேன் நின்று ஹாரன் அடித்துக்கொண்டிருந்தது. விட்டுவிட்டுப் போக முடியவில்லை. அந்த வாய் வழியாக ஒரு சரக்கு வண்டி இறங்கியது. மூன்று சக்கரம், நீல நிறம். யாருடைய வண்டி என்று அவளுக்குத் தெரியும். கத்தினாள். மழைச் சத்தத்தில் கேட்கவில்லை. வடிகாலின் இரும்புச் சட்டத்தைத் தண்ணீர் எப்போதோ பெயர்த்துத் தள்ளியிருந்தது. முன்சக்கரம் அந்தக் குழியில் இறங்கி வண்டி கவிழ்ந்தது. அடியில் மாட்டியது தம்பியின் வலது கால்.

காலை எடுத்துவிட்டார்கள்.

விசாரணை நடந்தது. இன்ஜினியர் தேய்த்த சட்டையோடு வந்து உட்கார்ந்து, முடித்துக் கொடுத்தாகிவிட்டது, சாவி அந்த அம்மாவின் கையில் இருக்கிறது என்றார். அவ்வளவுதான் சொன்னார். பொய் ஒன்றும் இல்லை. ஊழியரின் கவனக்குறைவு என்று தீர்ப்பு வந்தது. அவளைத் தற்காலிகமாக வேலையை விட்டு நிறுத்தினார்கள்.

அதெல்லாம் அவளை அறுக்கவில்லை. அறுத்தது வேறு. ஆஸ்பத்திரி வராந்தாவில் தம்பி பெண்டாட்டி அவளைப் பார்த்து ஒரு கேள்வி கேட்டாள்.

“சாவி உங்க கையிலதானே அண்ணி இருந்துச்சு?”

அதற்குப் பிறகு அவள் மோட்டாரக்காவோடு பேச்சை நிறுத்தினாள். தம்பி நிறுத்தவில்லை, ஆனால் அதைப் பற்றி அவன் வாயே திறக்கவில்லை. உன் தப்பு என்றும் சொல்லவில்லை, உன் தப்பில்லை என்றும் சொல்லவில்லை. அக்காவுக்கு அந்த இரண்டாவது வாக்கியம் வேண்டியிருந்தது. சோறு வேண்டியிருப்பதுபோல வேண்டியிருந்தது. வேனை விட்டுவிட்டு ஓடியிருக்கலாமோ என்று படுத்த இடத்தில் புரண்டுகொண்டே இருந்தாள்.

மாதங்கள் கழித்து அவளைத் திரும்பக் கூப்பிட்டார்கள். எங்கே போடுவது என்று யாரும் மண்டையை உடைத்துக்கொள்ளவில்லை. அவள் போன நாளிலிருந்து சுரங்கப்பாதைச் சாவி அலுவலக மேசைமேல் அப்படியே கிடந்தது, அளவுகோல் பட்டுப் பட்டுத் தேய்ந்ததுதான் மிச்சம். அவள் அதை எடுத்துக்கொண்டாள். முதல் தடவை தெரியாமல் வாங்கினாள், இந்தத் தடவை தெரிந்தே வாங்கினாள். கோபத்தை வைத்துக்கொள்ள அவளுக்கு ஒரு இடம் வேண்டியிருந்தது.

“மறந்து தொலையேன்” என்பார் அவள் வீட்டுக்காரர். தையற்காரர், ஊசியில் நூல் கோப்பதற்கே பத்து முறை பெருமூச்சு விடுகிற சாது.

“நீங்க மறந்துக்குங்க. நான் அந்த ஆளை ஒரு நாளாவது அந்தத் தண்ணியில நிக்க வச்சுப் பாக்கணும்” என்பாள்.

சும்மா சொல்லவில்லை. வருடக்கணக்காக நெஞ்சில் வைத்து வளர்த்தாள். மோட்டாருக்கு எண்ணெய் விடும்போதும், தொட்டியில் இறங்கிச் சேறு அள்ளும்போதும், அந்த ஆளுடைய தேய்த்த சட்டைதான் கண்ணில் நின்றது. நல்ல மனசு உள்ளவர்கள் இதைப் படித்து முகம் சுளிக்கலாம். அவர்களுடைய தம்பிக்கு இரண்டு காலும் இருக்கும்.

இன்ஜினியர் ஓய்வு பெற்றார். ஓய்வு பெற்றவர் நேராகப் போய் வீடு கட்டியது எங்கே என்றால், சுரங்கப்பாதைக்கு அந்தப் பக்கம் புதிதாக எழும்பிய குடியிருப்பில். அங்கே குடியிருப்போர் சங்கத்துக்குத் தலைவராகவும் ஆகிவிட்டார். தினமும் காலையும் மாலையும் அவருடைய கார் அந்தப் பள்ளத்தில் இறங்கி ஏறியது. ஒரு நாள் கார் கண்ணாடியை இறக்கி அவளைக் கூப்பிட்டார். முகம் அவருக்கு ஞாபகம் இல்லை.

“என்னம்மா, ஒரே நாத்தம். சரியாப் பாத்துக்கறதில்லையா?”

அன்று சாயங்காலம் அவள் சாப்பிடவில்லை.

அந்தச் சமயத்தில்தான் நகராட்சி ஒரு புதுத் திட்டம் கொண்டுவந்தது. கட்டி முடித்த சின்னச் சின்ன வேலைகளை எல்லாம் பராமரிக்க ஆள் இல்லையாம், அதனால் அங்கங்கே இருக்கும் சங்கங்களே எடுத்துப் பார்த்துக்கொள்ளலாமாம், எடுப்பவர்களுக்குப் பெயர்ப்பலகை வைப்பார்களாம். தாங்கள் தொடப் பயந்த சாவிகளை ஊர் தலையில் கட்டுகிற ஏற்பாடு. மோட்டாரக்கா அறிவிப்பை இரண்டு முறை படித்தாள். பிறகு வேலைக்கு இறங்கினாள்.

குடியிருப்புப் பெண்கள் காய் வாங்கும் கடைக்குப் போய், வெண்டைக்காயை ஒடித்துப் பார்த்துக்கொண்டே பேச்சைத் தொடங்கினாள். “உங்களுக்கென்னங்க கவலை, கட்டினவரே உங்க தலைவரா இருக்காரு. அவர் கையில போனா நாத்தமாவது, தண்ணியாவது.” பால் ஊற்றுகிறவரிடம் சொன்னாள். காவலாளியிடம் சொன்னாள். சங்கத்துப் பொருளாளரம்மாவிடம், “சார் ரொம்ப அடக்கமானவருங்க, நீங்களாக் கேட்டாத்தான் ஒத்துப்பாரு” என்றாள். ஒரு வாரத்தில் அது அவர்களுடைய சொந்த யோசனையாகிவிட்டது. இன்ஜினியரும் சும்மா இருந்தாரா, சங்கக் கூட்டம் தவறாமல் “நான் கட்டின பாதை” என்று மார்தட்டியிருந்தார். இப்போது பின்வாங்க வழி இல்லை.

கூட்டம் கூடியது. மைக் வைத்தார்கள், படம் எடுக்க ஆள் வந்தது. நகராட்சி சார்பில் சாவி கொடுக்க யாரை அனுப்புவது என்று கேட்டபோது அலுவலகமே அவளைக் கை காட்டியது. சாவியைத் தொட ஆள் வேண்டாமா? அவள் மேடை ஏறி, தூக்கிப் போடவெல்லாம் இல்லை, இரண்டு கையாலும் மரியாதையாக நீட்டினாள். இன்ஜினியர் பக்கத்தில் இருந்த மேசையைப் பார்த்தார். அதில் பூச்செண்டு இருந்தது, இடம் இல்லை. குடியிருப்பே கைதட்டிக்கொண்டிருந்தது. அவர் கை மெதுவாக வந்தது. வாங்கும்போதுதான் அவள் முகத்தைச் சரியாகப் பார்த்தார். யார் என்று அப்போது ஞாபகம் வந்தது.

“நீதானா?” என்றார், மைக்கில் விழாத குரலில்.

“நான்தான் சார்” என்றாள்.

அவளை மேல்நிலைத் தொட்டிக்கு மாற்றினார்கள். முதல் மழை வந்த அன்று விடுப்புப் போட்டுவிட்டுக் குடையோடு வந்து, சுரங்கப்பாதை வாய்க்கு எதிரே இருந்த கடைப்படியில் உட்கார்ந்தாள். பெரிய மழை இல்லை. ஆனாலும் மின்சாரம் தன் கடமையைத் தவறாமல் செய்தது, மோட்டார் நின்றது. இன்ஜினியர் காற்சட்டையை முழங்கால் வரை சுருட்டிவிட்டுக்கொண்டு தண்ணீரில் நின்றார். கையை விட்டு வடிகாலில் பிளாஸ்டிக் பைகளைப் பிடுங்கினார். பொருளாளரம்மா மேட்டிலிருந்து, “இதுக்குத்தான் உங்ககிட்டக் கொடுத்தமா?” என்று கத்தினார். அவசரமாகப் போக வேண்டிய ஒருவர் வாய்க்கு வந்தபடி ஏசினார். கிழவருக்கு மூச்சு வாங்கியது. மோட்டாரக்கா டீ வாங்கிக் குடித்தாள். அவ்வளவு ருசியான டீ அதற்கு முன் குடித்ததே இல்லை என்று வீட்டில் வந்து சொன்னாள். வீட்டுக்காரர் ஊசியைக் கீழே வைத்துவிட்டு அவளை ஒரு மாதிரி பார்த்தார். அதைப் பற்றியும் அவளுக்குக் கவலை இல்லை.

அதற்கப்புறம் இரண்டு மூன்று வாரம் தொட்டி கழுவும் வேலையில் அவளால் அந்தப் பக்கம் போக முடியவில்லை. பிறகு வந்தது பெரிய மழை. தம்பியின் காலைக் கொண்டுபோன மழையைவிடப் பெரியது. வேலை முடிந்ததும் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு சுரங்கப்பாதைக்கு ஓடினாள். அந்த ஆளைக் கழுத்தளவுத் தண்ணீரிலாவது பார்த்துவிட வேண்டும் என்ற ஆசை.

பாதையில் தண்ணீரே இல்லை.

ஈரம் இருந்தது. வண்டிகள் அதன் பாட்டுக்குப் போய்க்கொண்டிருந்தன. ஊர் முழுக்க விளக்கு இல்லாதபோது உள்ளே மட்டும் விளக்கு எரிந்தது. மோட்டார் அறையில் பழையதற்குப் பக்கத்தில் புதிதாக இன்னொன்று ஓடியது, வெளியே ஒரு ஜெனரேட்டர் உறுமியது. இரண்டு வாயிலும் சங்கிலி மாட்டி, பக்கத்துக்கு ஒரு காவலாள் மழைக்கோட்டோடு நின்றான். வடிகால் சட்டத்தைப் போல்ட் போட்டு இறுக்கியிருந்தார்கள். நடந்து போகிறவர்கள் தலைவரைப் பாராட்டிப் பேசிக்கொண்டு போனார்கள்.

அவள் வடிகால் அருகில் போய் நின்றாள். நீல வண்டி கவிழ்ந்த இடம். கால் நனையவில்லை. வருடக்கணக்காக அவள் கேட்ட மூன்றும் அங்கே இருந்தன. அவளுக்கு வந்த கோபம் அதுவரை அவள் அறியாதது. கிழவர் தோற்றிருந்தால்கூட மனசு ஆறியிருக்கும்.

மோட்டார் அறைக்குள் இன்ஜினியர் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். அவளைப் பார்த்ததும் எழுந்தார்.

“எப்படி சார் வந்துச்சு இதெல்லாம்?” என்றாள்.

“ஒரு ஃபோன் பண்ணேம்மா. மேல இருக்கறவன் எனக்குக் கீழ வேலை பாத்தவன். பத்து நாள்ல அனுப்பிட்டான்.”

“ஒரு ஃபோனு.”

“ஆமா.”

“அப்பவும் அந்த ஃபோன் இருந்துச்சு இல்ல சார் உங்க மேசையில? நான் படியேறி வந்து கேட்டப்போ?”

அவர் ஜெனரேட்டர் பக்கம் பார்த்தார். வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். வயதாகிவிட்டது, தண்ணீரில் நின்று ஏச்சு வாங்கியதில் கொஞ்சம் கெட்டித்தனமும் கரைந்திருந்தது. உள்ளதைச் சொல்லிவிட்டார்.

“அப்போ என் வீடு இந்தப் பக்கம் இல்லம்மா.”

மோட்டாரக்கா அவர் கையைப் பிடித்தாள். மணிக்கட்டை, ஸ்பானர் பிடிக்கிற பிடியாக. “வாங்க” என்றாள். “எங்கே?” என்று கேட்டார். பதில் சொல்லாமல் மழையில் இழுத்துக்கொண்டு நடந்தாள். காவலாள் ஓடி வந்தான். அவள் பார்த்த பார்வையில் அப்படியே நின்றான்.

தம்பியின் கடை நாலாவது தெருவில், வீட்டின் முன்னறையிலேயே. மிக்சி, விசிறி, இஸ்திரிப் பெட்டி பழுது பார்க்கிறான். மெழுகுவத்தி வெளிச்சத்தில் ஒரு விசிறியைக் கழற்றிப் போட்டு வேலை செய்துகொண்டிருந்தான். ஊன்றுகோல் சுவரோரம் சாய்ந்திருந்தது. சொட்டச் சொட்ட நனைந்து நிற்கிற இருவரையும் நிமிர்ந்து பார்த்தான். அந்தக் கிழவர் யார் என்று அவனுக்குத் தெரியும்.

“எங்கிட்டச் சொன்னதை இவங்கிட்டச் சொல்லுங்க” என்றாள் மோட்டாரக்கா.

“விடும்மா, மழையில...”

“நான் எத்தனை தடவ ரெண்டாவது மோட்டார் கேட்டேன்னு சொல்லுங்க. அது வர எத்தனை ஃபோன் ஆச்சுன்னு சொல்லுங்க. அப்போ ஏன் பண்ணலன்னும் சொல்லுங்க.”

அவர் ஒவ்வொன்றாகச் சொன்னார். கடைசி வாக்கியத்தைத் தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார். தம்பி கையிலிருந்த திருப்புளியை மெதுவாகக் கீழே வைத்தான். முழங்காலோடு முடிந்துபோன காற்சட்டையை, ஏதோ சுருக்கம் விழுந்ததுபோல, ஒரு முறை நீவி விட்டான்.

உள்ளே பாத்திரம் கழுவிக்கொண்டிருந்த தம்பி பெண்டாட்டி ஈரக் கையோடு நிலைப்படிக்கு வந்து நின்றாள். எவ்வளவு கேட்டாள் என்று தெரியவில்லை.

“இவளுக்குச் சரியாக் கேட்டிருக்காது சார்” என்றாள் மோட்டாரக்கா. “இன்னொரு தடவை சொல்லுங்க. நிமிர்ந்து சொல்லுங்க.”

அவர் நிமிர்ந்தார். முதலிலிருந்து மறுபடி சொன்னார், ஃபோனையும் சொன்னார், வீட்டையும் சொன்னார்.

கடையில் முக்காலி ஒன்றுதான் உண்டு. தம்பி பெண்டாட்டி அதன்மேல் கிடந்த கம்பிச் சுருளை எடுத்துக் கீழே போட்டாள். முந்தானையால் துடைத்தாள். கிழவர் தனக்கென்று நினைத்து ஓர் அடி முன்னால் வந்தார்.

“நீங்க உக்காருங்க அண்ணி” என்றாள் அவள்.

மோட்டாரக்கா உட்கார்ந்தாள். அவரைப் போகச் சொல்லவில்லை.